மத்த ரெண்டும் பத்திரம்

இன்று காலை பிலோமி என் மேசைமீது ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தாள். வைத்துவிட்டு, கேட்காமலே மின்விசிறியை வேகமாக்கினாள். பையைப் பிரித்த பிறகுதான் அதன் காரணம் விளங்கியது. உள்ளே ஒரு ஹார்டு டிஸ்க் இருந்தது. அதிலிருந்து நெத்திலிக் கருவாட்டு வாசனை வந்தது.

கணினி பழுது பார்க்கிறவனுக்குப் பல வாசனைகள் பழக்கம். கருகிய ஒயர், கீபோர்டில் கொட்டிய காபி, அதைத் துடைக்கிறேன் என்று யாரோ ஊற்றிய மண்ணெண்ணெய், எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆனால் கருவாடு மணக்கும் டிஸ்க் எனக்குத் தெரிந்து உலகத்தில் இரண்டுதான் உண்டு. ஒன்று செத்தது, இன்னொன்று உயிருள்ளது. செத்ததன் முதுகில் நான் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தேன். அவசரமாகத் திருப்பிப் பார்த்தேன். குறி இல்லை.

“அம்மா கருவாட்டு கூடைய கய்விகினு இருந்தேன் அண்ணாச்சி. அடில கெடந்துச்சு. இது அதான?” என்றாள்.

“அதேதான்.”

“இதுல அவரு கொரலு கீதா?”

உன் குரலைத் தேடி வந்த உன் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன். இருக்கிறது என்றாலும் தவறு, இல்லை என்றாலும் தவறு. “இதுல தனியா இல்ல பிலோமி. எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு. ரெண்டையும் சேத்தா இருக்கும். ரெண்டுல எது கெட்டிருந்தாலும் இருக்காது” என்றேன்.

“இன்னா அண்ணாச்சி, ஜோசியக்காரன் மாரி பேசுறீங்க?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேட்டுவிட்டுத்தான் போவாள் என்று தெரிந்தது.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ராயபுரத்தில் பாதிப் பேருடைய கல்யாணத்தை வீடியோ எடுத்தவன் நீ. அத்தனை கல்யாணங்களிலும் முழு நேரமும் இருந்தவன், ஒன்றிலும் இல்லை. போன ஆண்டு மழைக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் எங்களுக்கு இந்தக் கணக்கு புரிந்தது. முகத்துக்குப் போட்டோ இருக்கிறது. குரலுக்கு ஒன்றும் இல்லை. மைக்கில் உன் குரல் எங்காவது தப்பி விழுந்திருந்தால் அதைத் தேடிப் பிடித்து வெட்டி எறிந்தவன் நீதான். “நம்ம கொரலு நடுவுல எதுக்கு அண்ணாச்சி, சோத்துல கல்லு மாரி” என்பாய். நீ வெட்டாமல் விட்ட ஒரே இடம் நெட்டுக்குப்பம் செல்வியின் கல்யாணம். வெட்டிய படத்தில் இல்லை, வெட்டுவதற்கு முந்தைய படத்தில். அது இந்த டிஸ்க்குகளில்தான் இருக்கிறது.

கருவாடு விற்கும் உன் மாமியாரின் தராசில் ஹார்டு டிஸ்க் எப்படி எடைக்கல் ஆனது என்பதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் மனதுக்குள் சொல்லிக்கொண்டு வருகிறேன். பிலோமி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஒயர்களைப் பொருத்தி முடிக்கும்வரை எனக்கும் மனதில் ஏதாவது ஓட வேண்டும்.

உன் ஸ்டூடியோ இருந்த சந்தை நினைத்துக்கொள்கிறேன். இந்தப் பக்கம் ஒரு சிடி கடை, அந்தப் பக்கம் ஒரு சிடி கடை, எதிரே ஒன்று. வெள்ளிக்கிழமை வெளியாகும் படம் அங்கே வியாழக்கிழமையே ஓடிக்கொண்டிருக்கும். கலைக்கு அந்தச் சந்து செய்த சேவையைப் பாராட்ட போலீஸார் அவ்வப்போது வந்து போவார்கள். அந்த வருகைக்குச் சந்தில் ஒரே பெயர், ரெய்டு. அந்த ஒரு சொல்லைக் கேட்டால் மூன்று ஷட்டர்களும் ஒரே தாளத்தில் இறங்கும்.

அந்தச் சந்தில் உட்கார்ந்துதான் நான் உன்னிடம் முதன்முதலாகச் சொன்னேன். “பேசாம ரெய்டு போட்ருவோம்டே.”

நீ எழுந்து வாசலை எட்டிப் பார்த்தாய். “மெதுவா பேசு அண்ணாச்சி. நான் இன்னா தப்பு பண்ணேன்? கல்யாண கேசட்டு மட்டும்தான வெச்சிகினு கீறேன்?”

என் அப்பா தெற்கே இருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்தவர் என்பதால், நான் கடைப் படி ஏறாமல் கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் கணினி பார்த்தாலும், உனக்கு நான் அண்ணாச்சிதான். நான் பேசும் தமிழைக் கேட்டு நீ சிரிப்பாய். நீ பேசும் தமிழை என் அம்மா கேட்டால் ஜன்னலைச் சாத்துவாள். இடையில் மாட்டிக்கொண்ட கணினிக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும்.

ரெய்டு என்றால் பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி, ஒரே டிஸ்க் என்று கணினியை நம்ப வைக்கும் ஏற்பாடு என்று விளக்கினேன். அதில் சீரோ, ஒன்று, ஐந்து என்று வகைகள் உண்டு என்றேன்.

“எது ஒசத்தி?”

“ஒசத்தி தாழ்த்தி எல்லாம் இல்லடே. ஒவ்வொண்ணும் ஒரு வேலைக்கு.”

“அப்போ நம்பரு இன்னாத்துக்கு?” என்று கேட்டுவிட்டு நீயே பதிலும் சொன்னாய். “பஸ்ஸு நம்பரு மாரி. பெரிய நம்பருன்னா பெரிய பஸ்ஸு இல்ல. எங்க போவுதுன்னு கேட்டு ஏறணும்.”

இதை நான் பிற்பாடு பல கூட்டங்களில் என் சொந்தச் சரக்காகச் சொல்லி நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன்.

முதலில் நீ கேட்காமல் ஏறிய பஸ் சீரோ. வேகம் என்று நான் சொன்ன ஒரு வார்த்தை உனக்குப் போதுமானதாக இருந்தது. படத்தைத் துண்டு துண்டாக்கி, ஒரு துண்டை இந்த டிஸ்க்கிலும் அடுத்த துண்டை அந்த டிஸ்க்கிலுமாக மாற்றி மாற்றி எழுதும் முறை அது. இரண்டு பேர் சேர்ந்து வாரினால் சோறு சீக்கிரம் காலியாவது போல வேலை பறந்தது. ஒரு டிஸ்க் விழுந்தால் மற்றதும் சேர்ந்து விழும். காதலர்களுக்குப் பெருமை சேர்க்கும் இந்தக் கொள்கை படங்களைச் சேமிக்க உதவாது. விழுந்தபோது அதில் இருந்தது ஒரே ஒரு கல்யாணம், உன்னுடையது. கேசட்டில் அதற்குள் யாரோ ஒருவரின் புதுமனைப் புகுவிழா ஏறியிருந்தது. கேசட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது உங்கள் தொழில் தர்மம்.

திரும்பவும் கோட்டு போட்டுக்கொண்டு மாதா கோயில் படியில் ஏறி இறங்கி எடுத்துவிடலாம் என்று நீ யோசனை சொன்னாய். பிலோமி உன்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஒரு வாட்டி கட்னதே போதும். போய் வேலையப் பாரு.”

அடுத்து வந்தது ஒன்று. ஒரு டிஸ்க்கில் எழுதுவதை அப்படியே இன்னொன்றிலும் எழுதும் கண்ணாடி முறை. ஒன்று போனால் அதன் நகல் இருக்கும். நிம்மதியாக இருந்தாய். ஒருநாள் நீயே கை தவறி ஒரு ஞானஸ்நானத்தை அழித்தாய். கண்ணாடி உடனே, விசுவாசமாக, தன்னிடம் இருந்ததையும் அழித்துவிட்டது. அன்று குழந்தையின் பாட்டி உன் கடையில் வந்து பேசியவற்றை அச்சில் ஏற்ற முடியாது. “இன்னா அண்ணாச்சி இது, நான் கெணத்துல வுழுந்தா அதுவும் வுழுதே!” என்றாய். டிஸ்க் செத்தால்தான் கண்ணாடி காப்பாற்றும், மனிதனின் முட்டாள்தனத்துக்கு அது பொறுப்பல்ல, அதற்குத் தனியாக நகல் எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும் என்றேன். வைக்கிறேன் என்றாய். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மூன்றாவதாகத்தான் ஐந்து. மூன்று டிஸ்க்குகள். டீக்கடை பாயிடம் ஒரு பேப்பர் வாங்கி ஏழு, ஐந்து, பன்னிரண்டு என்று எழுதினேன். “முதல் ரெண்டும் உன் படம். மூணாவது அதுகளோட கூட்டல். இப்ப ஏதாவது ஒண்ண கையால மறை.” நீ ஐந்தை மறைத்தாய். மற்ற இரண்டையும் பார்த்து, மறைத்தது ஐந்து என்று நீயே சொன்னாய். பிறகு ஏழை மறைத்தாய், பிறகு பன்னிரண்டை. சீட்டு வித்தை கற்றுக்கொண்டவனைப் போல ஒரு சிரிப்பு சிரித்தாய். இரண்டு விரல்களால் இரண்டு எண்களை மறைத்துவிட்டு, “இப்போ?” என்றாய்.

“இப்ப மாதாதான் துணை.”

கணினிக்குள் நடப்பது கூட்டல் இல்லை, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி முறையான வேறொரு கணக்கு. கருத்து இதேதான். அந்தக் கூட்டுக் கணக்கும் ஒரே டிஸ்க்கில் உட்காராமல் மூன்றிலும் முறை வைத்துச் சுற்றி வரும். நம் ஊர் சங்கங்களில் தலைவர் பதவியை வைத்துச் செய்ய நினைத்து முடியாமல் போன காரியம். இன்னொன்றும் சொன்னேன். ஒவ்வொரு டிஸ்க்கும் தான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தன்னிடமே எழுதி வைத்திருக்கும், கழற்றி எந்தக் கணினியில் மாட்டினாலும் கட்சி மாறாது. அதைத்தான் நீ கடைசிவரை நம்பவில்லை.

இந்த மூன்றில்தான் செல்வியின் கல்யாணத்தை ஏற்றி வைத்திருந்தாய்.

படத்தை வெட்டிக்கொண்டிருந்த சமயத்தில் செல்வியே நெட்டுக்குப்பத்திலிருந்து கடைக்கு வந்தாள். கல்யாணப் பெண் சிடி கேட்டு வருவது புதிதல்ல. அவள் கேட்டதுதான் புதிது.

“அண்ணே, எங்கப்பா உங்கள திட்டுனாருல்ல, அத வெட்டிட்டீங்களா?”

நீ கையெடுத்துக் கும்பிட்டாய். “வெட்டிர்றேன் தங்கச்சி. மனசுல வெச்சிக்காத.”

“வெட்டாதீங்கண்ணே. அதான் வோணும்.”

கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் அவள் அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. எண்ணூர் முகத்துவாரத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையில் இருப்பவனைக் கூப்பிட்டுத் திட்டக்கூடிய தொண்டை அது என்று நீ சொல்வாய். கல்யாண மேடையில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடியோ முழுவதிலும் அவர் வாய் திறந்தது, பந்தியில் நீ அவர் முகத்தில் லைட்டு அடித்தபோதுதான். கேசட் வழக்கம்போல அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டது. ஆகவே அந்த மனிதரின் குரல் மொத்தமும் உன் மூன்று டிஸ்க்குகளில் மட்டும் இருந்தது. சாயங்காலம் அப்பாவை ஆட்டோவில் அழைத்து வருவதாகச் செல்வி சொல்லியனுப்பிய நாளில், மூன்றில் ஒன்று செத்தது.

நீ ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் படம் எடுக்கப் போயிருந்தாய். நான் காலையில் கடைக்கு வந்து கணினியைப் பார்த்தேன், திரையில் செய்தி நின்றது. பதற்றப்பட ஒன்றுமில்லை. இதற்குத்தானே ஐந்து போட்டோம். கணினியை அணைத்து, செத்த டிஸ்க்கைக் கழற்றி, குழப்பம் வேண்டாம் என்று சிவப்பு மையால் குறி போட்டுப் பையில் வைத்தேன். அதே அளவில் புதியது வாங்க ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன். பிலோமி அப்போது வீட்டில் இருந்தாள். பாயிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

“பாய், பிலோமி வந்தா சொல்லுங்க. ரெய்டுல ஒண்ணு போச்சு. மத்த ரெண்டும் பத்திரம்.”

பாய் நாணயமானவர். அந்தச் செய்தி ஒரு எழுத்துகூட மாறாமல் போய்ச் சேர்ந்தது. தகவல் சேமிப்பைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். எழுத்து கெடாமல் காப்பாற்ற ஆயிரம் வழி சொல்கிறார்கள். எழுத்து அப்படியே இருக்க அர்த்தம் மட்டும் கெட்டுப் போவதற்கு ஒருவரும் வழி சொல்லவில்லை.

திரும்பி வந்தால் பட்டப்பகலில் சந்து முழுக்க ஷட்டர் இறங்கியிருந்தது. சிடி கடைக்காரர் ஒருவர், ஐயப்ப பக்தர், மாதா கோயிலில் முன் வரிசையில் மண்டியிட்டிருப்பதை வழியில் பார்த்தேன். பாய் மட்டும் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன பாய் ஆச்சு?”

“ரெய்டாமே,” என்றார். “நீங்கதான சொன்னீங்கோ?”

அதே நேரம் நீயும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாய். பிலோமி உன் ஸ்டூடியோ கதவைப் பாதி திறந்து நம்மை உள்ளே இழுத்தாள். அவள் முகத்தில் யுத்தத்தில் ஜெயித்தவளின் களை இருந்தது.

“பயப்படாதீங்க. ஒண்ணுதான் தூக்கினு பூட்டானுங்க. மத்த ரெண்டையும் நான் பத்திரம் பண்ட்டேன்.”

“யாரு தூக்குனா?” என்றேன்.

“போலீசு. ஒரு எடம் காலியா கீதே, பாத்தேனே!”

நான் பையிலிருந்து செத்த டிஸ்க்கை எடுத்து மேசைமீது வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “தோ, திருப்பிக் குட்த்துட்டானுங்களா? பரவால்லயே.”

நீ குனிந்து கணினிப் பெட்டிக்குள் பார்த்தாய். “பிலோமி. மத்த ரெண்டு எங்க?”

“ஒண்ணு நம்ம வூட்டு அரிசி ட்ரம்முல. ஒண்ணு அம்மா கூடைல, கருவாட்டுக்கு அடில. ரெண்டையும் ஒரே எடத்துல வெச்சா மொத்தமா மாட்டிக்கும்ல?”

“உங்கம்மா எங்க?”

“இதே நேரத்துக்கு எங்க இருக்கும்? திருவொத்தியூர் தேரடியாண்ட, மார்க்கெட்ல.”

காகிதத்தில் இரண்டு எண்களை ஒன்றாக மறைத்தபோது நீ கேட்ட ‘இப்போ?’ எனக்கு நினைவு வந்தது. உனக்கும் வந்திருக்கும். ஒன்று ஏற்கெனவே செத்துவிட்டது. இன்னொன்று கருவாட்டோடு கருவாடாகக் கூவி விற்கப்படும் இடத்தில் இருக்கிறது. அது கெட்டால் செல்வியின் அப்பா கடைசியாகப் பேசியது போயிற்று.

கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்ற சாலையில் அவற்றின் சக்கரங்களுக்கு நடுவில் நீ ஸ்கூட்டர் ஓட்டியதைப் பற்றி இங்கே சொல்லப் போவதில்லை. பின்னால் கண்ணை மூடிக்கொண்டிருந்தவனுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? ஒரு கேள்வி மட்டும் காதில் விழுந்தது.

“அண்ணாச்சி, உப்பு பட்டா டிஸ்கு கெடுமா?”

வெப்பம், ஈரம், அதிர்ச்சி என்று எல்லாவற்றுக்கும் தயாரிப்பாளர்கள் வரம்பு அச்சிட்டிருக்கிறார்கள். நெத்திலிக்குப் போடவில்லை. “தெரியலடே” என்றேன்.

மார்க்கெட்டில் உன் மாமியார் முன்னால் ஒரு அம்மாள் குந்தியிருந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னா ஆயா, கல்லு புச்சா கீது? யார ஏமாத்துற?”

“அரக்கிலோ கல்லும்மா. என் கல்ல எவளோ அடிச்சிகினு பூட்டா. இது கம்பேனி கல்லு. இங்கிலீசுல எய்தி கீது பாரு!”

தராசின் ஒரு தட்டில் நெத்திலி இருந்தது. மறு தட்டில் செல்வியின் கல்யாணத்தில் மூன்றில் ஒரு பங்கு.

“அத்தே!” என்று நீ போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடை காக்காய் பறந்தது. “இத பத்திரமா வெச்சிக்கச் சொன்னாளா இல்லியா?”

“கண்ணு முன்னாடியே வெச்சிகினு கீறேன். இத்த வுட பத்திரம் இன்னா?” என்றார் உன் மாமியார். நீ தட்டிலிருந்து டிஸ்க்கை எடுத்துச் சட்டையால் துடைத்தாய். “யோவ் மாப்ள, எங்க எடுத்துகினு போற? ஏவாரத்துக்கு கல்லு?”

கிளம்பும் அவசரத்தில் நான் மேசையிலிருந்து திரும்பப் பையில் போட்டு வந்த செத்த டிஸ்க்கை அப்போது நீ கேட்டு வாங்கினாய். அதே கம்பெனி, அதே எடை. முதுகில் குறி வேறு. அத்தை அதைக் கையில் போட்டுத் தூக்கிப் பார்த்து ஒப்புக்கொண்டார். எதிரே இருந்த அம்மாளும் ஒப்புக்கொண்டாள். உண்மையில் அது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல். திருவொற்றியூரில் கருவாடு நியாயத்துக்கு மேல் கிடைத்த காலம் அது. யாரும் புகார் செய்யவில்லை.

நாம் ஸ்டூடியோ வாசலில் இறங்கும்போது செல்வியின் ஆட்டோ நின்றிருந்தது. அவள் அப்பாவை உன் சுழல் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு கை மடியில் கிடந்தது. கண்கள் மட்டும் நம்மை விரட்டி விரட்டிப் பார்த்தன. பிலோமி அரிசி ட்ரம்மிலிருந்து எடுத்ததைக் கொண்டு வந்தாள். நான் இரண்டின் பின்களையும் ஸ்பிரிட்டால் துடைத்தேன், பிரஷ்ஷால் உப்பைத் தட்டினேன், ஒன்றிலிருந்து இரண்டு அரிசி மணிகளும் விழுந்தன. நீ செல்விக்கும் அவள் அப்பாவுக்கும் பாயிடம் டீ சொன்னாய், அவர் டீயை நீயே ஆற்றி ஸ்பூனால் கொடுத்தாய். கொடுத்துக்கொண்டே என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அது எனக்குத் தெரியும்.

இரண்டும் சுழன்றன. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

“இன்னா சொல்து?” என்றாய் மெதுவாக.

“மூணுல ஒண்ணு இல்லாம ஓடுதாம்.”

“ஓடுதுல்ல? அப்பால இன்னா,” என்றாய். உன் வாழ்க்கையில் நீ சொன்ன தத்துவம் இவ்வளவுதான். இதைவிடப் பெரியதாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

படம் ஓடியது. பந்தி. இலை. லைட்டு முகத்தில் விழ, அவர் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டு போட்ட சத்தத்தில் உன் ஸ்பீக்கர் கொர்ரென்றது.

“டேய் லைட்டு! சோத்துல பூச்சி வுழுது பாரு! மூஞ்ச எத்தினி வாட்டிடா எடுப்ப, நான் இன்னா பொண்ணா? போய் மாப்ளய எடு! டேய், நில்லு. துன்னியா நீ? துன்னலியா? குந்து. துன்னுட்டு அப்பால எடு, கஸ்மாலம்!”

சுழல் நாற்காலியில் அவருடைய நல்ல கை மெல்ல எழுந்து, திரையில் எழுந்தது போலவே, கண்ணை மறைத்தது. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. நாம் பயந்துபோனோம். செல்விதான் குனிந்து முகத்தைப் பார்த்தாள்.

“சிரிக்கிறாருண்ணே.”

நீ அன்று கடைக்கு வெளியே போய்ச் சந்தில் சும்மா நின்றாய். ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. நான் புதிய டிஸ்க்கை மாட்டினேன். மற்ற இரண்டும் சேர்ந்து, போனது என்னவாக இருந்தது என்று கணக்குப் போட்டுப் போட்டு அதில் எழுதத் தொடங்கின. மிக மெதுவான வேலை. அதற்கு அவசரம் தெரியாது.

செல்விக்குக் கொடுத்த சிடியில் அந்தத் திட்டை முழுதாக வைத்தாய். அதற்கு நீ சொன்ன பதிலை மட்டும் வெட்டிவிட்டாய். வழக்கம்.

அன்றிலிருந்து அந்தச் சந்தில் நாம் ரெய்டு என்ற சொல்லை உச்சரித்ததில்லை. நீ அதற்கு முக்காலி என்று பெயர் வைத்தாய். முக்காலியில் ஒரு கால் போனால் விழுந்துவிடுமே, உவமை தவறு என்றேன். “நம்ம முக்காலி வுழாது அண்ணாச்சி, அதான் அதும் பெரும” என்றாய். புது மிஷின் வந்தபோது மூன்றையும் பங்கு போட்டாய். ஒன்று எனக்கு. ஏற்கெனவே அனுபவம் உள்ளது என்று கருவாட்டு டிஸ்க்கை அத்தைக்குக் கொடுத்தாய், “ரெண்டு அரக்கிலோ சேந்தா ஒரு கிலோ ஆச்சு.” மூன்றாவதை உன் ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுக்கொண்டாய். ஸ்கூட்டரைப் பிலோமி விற்றபோது பெட்டியைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. உன் பங்கு உன் வண்டியோடு போயிற்று. அத்தைக்கு இப்போது கண் தெரிவதில்லை, மார்க்கெட்டுக்குப் போவதில்லை. அதனால்தான் பிலோமி கூடையைக் கழுவினாள்.

இதோ, இரண்டையும் மாட்டிவிட்டேன். என்னுடையது உடனே சுழன்றது. கருவாடு கொஞ்சம் யோசித்தது. ஒரு முறை முனகியது. பிலோமி மேசை விளிம்பைப் பிடித்தாள். பிறகு அதுவும் சுழன்றது. திரையில் அதே பழைய வரி வந்தது.

“இன்னாவாம்?” என்றாள்.

“மூணுல ஒண்ணு இல்லாம ஓடுதாம்.”

அவள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். பந்தி வந்தது, இலை வந்தது, லைட்டு வந்தது. செல்வியின் அப்பா உன்னைத் திட்டித் தீர்த்தார். குந்து என்றார், துன்னு என்றார். அதன் பிறகு, சிடியில் இல்லாத அந்த இடத்தில், மைக்குக்கு மிகப் பக்கத்திலிருந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு நீ பேசினாய்.

“தோ, வந்துகினே கீறேன் நைனா!”

அவ்வளவுதான். காமிரா திரும்பி மாப்பிள்ளையை எடுக்கப் போய்விட்டது.

பிலோமி அதைத் திரும்பப் போடச் சொன்னாள். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “பொய்யி,” என்றாள். “எப்பவும் இப்டிதான். தோ வர்றேன், தோ வர்றேன்னுவாரு. சோறு ஆறிப் பூடும். வர மாட்டாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகிவிட்டது.

உன் குரலை இப்போது நான்கு இடங்களில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று பிலோமியிடம், ஒன்று செல்வியிடம், ஒன்று என் அலுவலகத்தில், ஒன்று என் சட்டைப் பையில். நகல் வேறு, முக்காலி வேறு என்று நான் உனக்குச் சொன்ன பாடத்தை நானே கேட்டு நடப்பது இதுதான் முதல் முறை.

பிலோமி கிளம்பும்போது மின்விசிறியை நிறுத்தினாள். வாசனை அப்படியே நின்றது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மாலையில் சந்துக்கு டீ குடிக்கப் போனபோது, உன்னை விசாரித்து யாராவது வந்தால் என்ன சொல்வது என்று பாய் கேட்டார். பழைய செய்தியையே சொல்லுங்கள், அந்த ஒரு சொல்லுக்குப் பதில் முக்காலி என்று போட்டு, மற்றபடி ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம் என்றேன். முக்காலில ஒண்ணு போச்சு. மத்த ரெண்டும் பத்திரம்.